வலப்பக்கத்து எட்டுப் பேர்

செப்டம்பர் 3, ஞாயிறு

இந்த ஆண்டுப் போட்டியின் தலைப்பை இன்று காலை 11.20க்கு அறிவித்தார்கள். 'ஊர்வலத்தில் ஒட்டோமான் சுல்தான், பதினாறாம் நூற்றாண்டு.' தலைப்பைத் தேர்ந்தவரும் நடுவரும் ஒரே ஆள், பேராசிரியர் கனகசபாபதி. கைதட்டினேன். பக்கத்தில் இருந்தவர்களைவிடச் சற்று அதிக நேரம் தட்டியிருப்பேன்.

முப்பத்தோரு ஆண்டுகள் கோர்ட்டில் வேலை பார்த்து, சிரஸ்தாராக ஓய்வு பெற்றவன் நான். விவரத்தை முதலில் பதிவு செய்துவிடுவது பழக்கம். கோவை ராமநாதபுரத்தில் ஒரு மோட்டார் உதிரிபாகக் கடையின் மாடியில் மாதம் இரண்டு ஞாயிறு கூடுகிறோம். பெரிய மேஜையில் குன்று, ஆறு, கோட்டை அமைத்து, சுண்டுவிரலில் பாதி உயரமுள்ள வீரர்களை நிறுத்தி, அளவுகோல் வைத்து நகர்த்தி, பகடை உருட்டி, பழைய போர்களை மறுபடி நடத்துகிறோம். வீரர்கள் பெட்டியில் பிளாஸ்டிக் துண்டுகளாக வருவார்கள். வெட்டுவது, ஒட்டுவது, வண்ணம் தீட்டுவது எல்லாம் அவரவர் பாடு. அந்த வேலைக்குத்தான் போட்டி.

2019 டிசம்பர் போட்டியில் என் நண்பன் இன்னாசி, சுல்தானின் மெய்க்காவல் வில்லாளிகள் பன்னிரண்டு பேரைச் செய்து வைத்தான். அவர்களில் ஆறு பேர் இடக்கையால் நாண் இழுத்தார்கள். பேராசிரியர் ஒருவனை விரலிடுக்கில் எடுத்து உயர்த்தி, "ஏனுங்க இன்னாசி, கைய மாத்தி ஒட்டிப்போட்டீங்களா?" என்றார். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "பீச்சாங்கைப் படைங்க!" என்றது. நாற்பது பேர் சிரித்தார்கள். நூற்றுக்கு 31 போட்டார் பேராசிரியர். அடுத்த மாதமே, மேஜையை விட்டு விழுகிற பகடைக்குக்கூட 'பீச்சாங்கை' என்று பெயர் வந்துவிட்டது. இன்னாசி அன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கியவன், அதன்பிறகு வரவில்லை.

கனகசபாபதி அதே கூடத்தில், அதே ஆட்கள் முன்னால், இன்னாசியின் கண்ணெதிரில் தலைகுனிய வேண்டும். அதை நான் செய்யப்போகிறேன். போட்டி ஜனவரி 21. இன்னும் 140 நாள்.

செப்டம்பர் 10, ஞாயிறு

இன்னாசி செய்தது சரி. சுல்தானின் இருபுறமும் நடந்த வில்லாளிகளுக்கு 'சோலாக்' என்று பெயர். துருக்கியில் அந்தச் சொல்லுக்கு இடக்கைக்காரன் என்று பொருள். வலப்பக்கம் நடப்பவன் வில்லை வளைக்கும்போது சுல்தானுக்கு முதுகு காட்டக்கூடாது என்பதற்காக, அந்த வரிசைக்கு இடக்கைக்காரர்களைப் பொறுக்கி எடுத்தார்கள். இடப்பக்கம் வழக்கமான வலக்கைக்காரர்கள்.

கோப்பு ஒன்று போட்டிருக்கிறேன். சான்று 1: அரண்மனை ஓவியத்தின் நகல். சான்று 2: ஒரு பயணியின் குறிப்பு. சான்று 3: அகராதிப் பக்கம். சான்று 4: 2019இன் மதிப்பெண் தாள், கனகசபாபதி கையெழுத்துடன்.

திட்டம் எளிது. பதினாறு சோலாக்குகள், வலப்பக்கம் எட்டு, இடப்பக்கம் எட்டு, நடுவில் குதிரைமேல் சுல்தான். இப்போதெல்லாம் போட்டியில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். யாருடையது என்று தெரியாமல் அவர் வலப்பக்கத்து எட்டையும் பிழை என்பார். நான் எழுந்து கோப்பைப் பிரிப்பேன்.

செப்டம்பர் 19, செவ்வாய்

பெட்டிகள் வந்துவிட்டன. துருக்கி வில்லாளிகள், எல்லாரும் வலக்கை. குதிரைக்கு ஒரு காது இல்லை.

அக்டோபர் 1, ஞாயிறு

சவுரிபாளையம் போய் இன்னாசியைப் பார்த்தேன். பார்த்து இரண்டரை ஆண்டு இருக்கும். மில்லில் சாயப் பட்டறை மாஸ்டராக இருந்தவன். வெள்ளையில் பதினோரு வெள்ளையைப் பிரித்துச் சொல்லுவான். கதவைத் திறந்தவன் என் முகத்தையும் காலையும் பார்த்தான். பிறகு, "வா நாச்சி. செருப்ப உள்ளயே போடு, நாய் தூக்கீட்டுப் போயிரும்" என்றான்.

திட்டத்தைச் சொன்னேன். 

"கனகசபாபதிய மாட்டி விடறதுக்கா இவ்வளவும்?"

"உனக்குப் பண்ணதுக்கு."

"எனக்கு அவரு என்ன பண்ணாரு? மார்க்கக் கொறைச்சாரு."

"மார்க் மட்டுமா? அப்புறம் நடந்தது?"

"அப்புறம் நடந்தது அவரு பண்ணதா?" என்று கேட்டுவிட்டு, காபி போட எழுந்து போனான்.

மேஜையில் வில்வித்தை பற்றிய தடித்த புத்தகம் ஒன்று கிடந்தது. நான் எடுப்பதற்குள் வந்து, அதன்மேல் தட்டை வைத்தான். நகக்கண்ணில் வெள்ளைப் பெயின்ட். கேட்டதற்குச் சுவருக்கு அடித்தது என்றான். சுவர் நீல நிறம்.

கிளம்பும்போது, "ஜனவரி இருபத்தொண்ணாம் தேதி வருவியா?" என்றேன். "நீ அங்க எந்திரிச்சுப் பேசறதா இருந்தா வர்றேன்" என்றான்.

அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அக்டோபர் 15, ஞாயிறு

முதல் நான்கு பேருக்குக் கை வெட்டினேன். ஒட்டுவது எளிது, மாற்றுவதுதான் கடினம். வலக்கைக்காரனை இடக்கைக்காரன் ஆக்க இரண்டு கையையும் தோளில் அறுத்து இடம் மாற்றினால் போதாது. கட்டைவிரல் தலைகீழாகிவிடும். மணிக்கட்டில் இன்னொரு தடவை அறுத்து, உள்ளங்கையைத் திருப்பி, ஊசிமுனை அளவுக்குத் துளையிட்டுக் கம்பி செருகி ஒட்ட வேண்டும். அம்பறாத்தூணியை இடுப்பின் மறுபக்கம் மாற்ற வேண்டும். அது இருந்த இடத்தில் ஏற்பட்ட பள்ளத்தைக் காய்ந்தால் இறுகும் பிசின்மாவு வைத்து நிரப்பி, அங்கியின் மடிப்பை மறுபடி செதுக்க வேண்டும். ஒரு ஆளுக்கு ஐந்து மணி நேரம் ஆகிறது. இன்னாசி 2019இல் ஆறு பேருக்கு இதைச் செய்திருக்கிறான்.

இன்னாசி இடக்கைக்காரன். குழுவில் இது எனக்கு மட்டும்தான் தெரியும். சின்ன வயதில் இடக்கையால் சோறு அள்ளியதற்கு, அவன் அப்பா அந்தக் கையைத் துண்டால் முதுகோடு கட்டி ஒரு மழைக்காலம் முழுக்க வைத்திருந்தாராம். என் வீட்டு மொட்டை மாடியில் ஒருநாள் சொன்னான். கூடத்தில் வலக்கையால்தான் பகடை உருட்டுவான். தூரிகை பிடிப்பது மட்டும் வீட்டில், இடக்கையில்.

இதை இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை. எழுதிவிட்டேன்.

அக்டோபர் 29, ஞாயிறு

எட்டுப் பேருக்கும் கை முடிந்தது. ஆள்காட்டி விரலில் இரண்டு வெட்டு. மனைவி மயிலாத்தாள் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு, "சுல்தான் உங்களுக்குப் பென்சன் தருவானுங்களா?" என்று கேட்டாள்.

நவம்பர் 5, ஞாயிறு

கை மாற்றியபோது அம்புகள் உடைந்துபோயின. கிட்டார் கம்பியை வெட்டிப் புது அம்பு செய்தேன். வில்லின் எந்தப் பக்கம் ஒட்டுவது? வலக்கைக்காரர்களுக்குப் பெட்டியிலேயே வில்லின் வலப்பக்கம் வார்த்திருக்கிறார்கள். இடக்கைக்காரனுக்கு? ஓவிய நகலில் அந்த இடம் தெளிவாக இல்லை.

ஒருவனைத் தீப்பெட்டியில் பஞ்சு வைத்துப் படுக்கப்போட்டு இன்னாசியிடம் கொண்டுபோனேன். சன்னலோரம் போய் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தான்.

"கை நல்லா வந்திருக்குது நாச்சி. மணிக்கட்ட அறுத்தயா?"

"அறுத்தேன்."

"நானும் அப்பிடித்தான் பண்ணேன்."

அம்பைப் பற்றிக் கேட்டேன். பொம்மையைப் பஞ்சில் வைத்து மூடினான். "வலப்பக்கமே ஒட்டிக்க. துருக்கிக்காரன் எந்தக் கையா இருந்தாலும் அம்ப வலப்பக்கந்தான் வெப்பான். படைக்குன்னு ஒரு ஒழுங்கு இருக்குதல்ல?"

இதற்குச் சான்று தேடவில்லை. இன்னாசி சொன்னால் போதும்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. எட்டு அம்பு ஒட்டினேன்.

நவம்பர் 26, ஞாயிறு

வெள்ளைத் தொப்பிகள். முதலில் சாம்பல், அதன்மேல் தந்தம், மடிப்பின் நுனியில் மட்டும் சுத்த வெள்ளை. சோலாக்கின் தொப்பியில் கொக்கின் தூவி போல ஒன்று உயர்ந்து நிற்கும். பழைய தூரிகையின் மயிரை நறுக்கி ஒட்டினேன். பதினாறு பேரும் ஒரே திசையில் காற்று வாங்குகிறார்கள். நன்றாகத்தான் வந்திருக்கிறது.

தூரிகைகளை 2019 கோப்பையில் வைத்திருக்கிறேன். எனக்கு வந்த முதல் பரிசு, 74 மதிப்பெண். அடிப்பாகம் கனமானது, சாயாது.

கனகசபாபதியின் முகம் எப்படி மாறும் என்று யோசித்துக்கொண்டே தீட்டினால் கை நடுங்குவதில்லை. கோர்ட்டில் குறுக்கு விசாரணைக்கு முன்பு நல்ல வக்கீல்களிடம் இந்த அமைதியைப் பார்த்திருக்கிறேன். முதலில் சான்று 2ஐப் படிப்பேன். ஓவியத்தைக் கடைசிவரை காட்டக்கூடாது. "இதில் எது பிழை, ஐயா?" என்று இரண்டு தடவை கேட்க வேண்டும். ஒரு தடவை போதாது.

டிசம்பர் 10, ஞாயிறு

சமையலறையில் மயிலாத்தாள் கேட்டாள். "ஏனுங்க, அந்தப் பேர வெச்சது யாருங்க?"

"எந்தப் பேரு?"

"இன்னாசி அண்ணனுக்கு வெச்சாங்கல்ல, அது."

"கூட்டத்துல யாரோ."

"நாப்பது பேருல அது யாருன்னு ஒருத்தருக்குங்கூடத் தெரியாதுங்களா?"

பால் பொங்குகிறது என்றேன். அடுப்பே பற்றவைக்கவில்லை என்றாள்.

டிசம்பர் 25, திங்கள்

இன்னாசிக்குப் போனில் கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொன்னேன். "அம்பு ஒட்டீட்டயா?" என்று மட்டும் கேட்டான்.

ஜனவரி 7, ஞாயிறு

ஒப்படைத்தேன். எண் 7. நடுவர் முடிவுக்குப் பிறகு ஐந்து நிமிடம் பேச அனுமதி கேட்டேன். கனகசபாபதியே குறித்துக்கொண்டார். "எதப் பத்திங்க சிரஸ்தார்?" என்றார். "வரலாறு பத்திங்க" என்றேன். "அது நம்ம எல்லாருக்கும் பிடிச்ச விசயமாச்சே!" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். உரையை மயிலாத்தாளிடம் படித்துக் காட்டினேன். நான்கு நிமிடம் நாற்பது வினாடி. "ரொம்ப நல்லா இருக்குதுங்க. யாரைத் திட்டறீங்கன்னு மட்டும் சரியாப் பிடிபடல" என்றாள்.

ஜனவரி 21, ஞாயிறு

வரிசைப்படி எழுதுகிறேன்.

10.05. கூடத்தில் முப்பத்தெட்டுப் பேர். இன்னாசி வந்தான். நான்காண்டுக்குப் பிறகு அந்தப் படியேறினான். மூன்றாவது வரிசையில், நடைபாதை ஓரம் உட்கார்ந்தான். நான் முதல் வரிசை. மடியில் கோப்பு.

11.30. எண் 7 மேஜைக்கு வந்தது. கனகசபாபதி சுல்தானின் முன்னால் குனிந்தார். பிறகு சுற்றி வந்து பின்னால் நின்று பார்த்தார். வலப்பக்கத்து வரிசையில் முதல் ஆளை எடுத்தார், 2019இல் எடுத்த அதே மாதிரி. பூதக்கண்ணாடி வைத்தார். நான் கோப்பின் நாடாவை அவிழ்த்தேன்.

"இடக்கை வில்லாளிக. சுல்தானுக்கு வலப்பக்கம். இது சரிங்க" என்றார் மைக்கில்.

பூதக்கண்ணாடியை இறக்கினார்.

"நாலு வருசத்துக்கு முன்னாடி இதையே ஒருத்தர் சரியாப் பண்ணியிருந்தாரு. எனக்கு அப்பத் தெரியல. முப்பத்தொண்ணு போட்டேன். தெரிஞ்ச பொறகு, கொரோனா ஓஞ்சதும் அவரு வீட்டுக்கே போயி மன்னிப்புக் கேட்டேன். ஆனா தப்பு பண்ணது இங்க, எல்லாரு முன்னாலயும். அதனால இங்கயும் சொல்றேன். இன்னாசி, அது என்ற தப்புங்க."

கைதட்டினார்கள். சிலர் எழுந்து நின்றார்கள். இன்னாசி கையைக் கூப்பினான். அந்தப் பேராசிரியரைத் தலைகுனிய வைக்க நான் தொண்ணூறு மணி நேரத்துக்கும் மேல் உழைத்திருந்தேன்.

அவர் இன்னும் முடிக்கவில்லை. பொம்மையைத் திருப்பினார். "ஆனா பாருங்க, ஒரு சங்கடம். துருக்கிக்காரன் நாண இழுக்கறது கட்டைவெரல்ல. அப்பிடி இழுத்தா, அம்பு எந்தக் கை இழுக்குதோ அந்தப் பக்கந்தான் வில்லுல நிக்கும். இந்த எட்டுப் பேரு இழுக்கறது இடக்கை, அம்பு இருக்கறது வலப்பக்கம். இழுத்த ஒடனே கீழ விழுந்துரும். சுல்தானுக்கு முதுகு காட்டாம, அம்ப மட்டும் அவரு கால்ல போட்டுக் கும்பிடறானுக!"

கூடம் வெடித்துச் சிரித்தது. யாரோ மேஜையைத் தட்டினார்கள். என் பின்னால் மூன்றாவது வரிசையிலிருந்தும் ஒரு சிரிப்பு. திரும்பிப் பார்க்காமலே யாருடையது என்று தெரிந்தது. மதிப்பெண் 58.

11.50. "சிரஸ்தார் அஞ்சு நிமிசம் கேட்டிருந்தாரு" என்று மைக்கைக் கொடுத்தார்கள். கோப்போடு எழுந்து நின்றேன். அதில் இருந்த நான்கு சான்றுக்கும் எதிரி இல்லை. இன்னாசி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நடுவர் அவர்களுக்கு நன்றி, ஏற்பாட்டாளர்களுக்கு நன்றி என்று சொல்லி உட்கார்ந்தேன். பதினொரு வினாடி இருக்கும்.

12.20. படியில் இன்னாசியைப் பிடித்தேன்.

"அம்பு?"

"நாந்தான் மாத்திச் சொன்னேன்."

"எதுக்குடா?"

"அன்னிக்குப் பின்னாடியிருந்து வந்த கொரலு யாருதுன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சயா? இருவது வருசம் பக்கத்துல உக்காந்திருக்கறேன் நாச்சி. நீ தும்மறது எனக்குத் தெரியும்."

கோப்பை இன்னொரு கைக்கு மாற்றினேன்.

"மொதல் தடவ நீ வந்தப்ப, நீயே சொல்லப்போறன்னு நெனச்சேன். கனகசபாபதின்ன. அப்புறம் தீப்பெட்டியோட வந்த. அப்பவும் கனகசபாபதி. செரி, உன்னையப் பாத்தும் ஒரு தடவ எல்லாரும் சிரிக்கட்டும்னு ஆசையா இருந்துச்சு."

"எப்பிடி இருந்துச்சு?" என்றேன்.

யோசித்துப் பார்த்து, "நல்லாத்தான் இருந்துச்சு" என்றான். படியிறங்கிப் போனான்.

ஜனவரி 22, திங்கள்

எழுத எதுவுமில்லை.

ஜனவரி 25, வியாழன்

சாட்சி யார் என்று குறிக்காத வாக்குமூலத்தை முப்பத்தோரு ஆண்டில் ஒருநாளும் நான் கோப்பில் சேர்த்ததில்லை. செப்டம்பர் 3ஆம் தேதிப் பக்கத்தில் 'ஒரு குரல்' என்று எழுதியிருக்கிறேன். திருத்தம் வருமாறு.

2019 டிசம்பர் 15, ஞாயிறு, பகல் 12.10 மணி. 'பீச்சாங்கைப் படைங்க' என்று சொன்னவர்: நாச்சிமுத்து, த/பெ ராமசாமி, அப்போது வயது 57. நின்ற இடம்: பின்வரிசை, சன்னலோரம்.

மேலும்: சான்று 1 எனப்படும் ஓவிய நகலை, போட்டிக்கு ஒரு வாரம் முன்பே இன்னாசி என்னிடம் காட்டினான். என் வீட்டில் இருப்பது அவன் கொடுத்த நகல். ஆகவே அந்த ஆறு பேரும் சரி என்று, அந்தக் கூடத்தில் இன்னாசியைத் தவிர என் ஒருவனுக்குத் தெரியும். அவை மேஜையில் இருந்தால் என் 74க்குக் கோப்பை வராது என்பதும் தெரியும். நடுவர் தயங்கினார். அவருக்கு அப்போது சந்தேகம்தான். கூட்டம் சிரித்த பிறகுதான் பேனாவை எடுத்தார்.

அவன் கையைக் கட்டிப்போட்ட கதை தெரிந்தும்தான் அந்தச் சொல்லைத் தேர்ந்தேன். வேறு சொற்களும் இருந்தன.

மயிலாத்தாளிடம் இந்தப் பக்கத்தைப் படிக்கக் கொடுத்தேன். படித்தாள். "இத எனக்கு எதுக்குங்க காட்டறீங்க?" என்றாள்.

ஜனவரி 28, ஞாயிறு

காலையில் பேராசிரியருக்குப் போன் செய்து, பிப்ரவரி 4 கூட்டத்தில் பேச நேரம் கேட்டேன். எதைப் பற்றி என்றார். சொன்னேன். அந்தப் பக்கம் டைரியைப் புரட்டும் சத்தம் கேட்டது. "மொதல் ஐட்டமா வெச்சுக்கலாங்க" என்றார் கடைசியில்.

பிறகு இன்னாசிக்குப் போன் செய்தேன். நான்காம் தேதி சொல்லப்போகிறேன், வர வேண்டும் என்றேன்.

"எங்க நின்னு சொல்லுவ?"

"முன்னால. மைக் குடுப்பாங்க."

"வேண்டாம். பின்வரிசையில சன்னலோரம் போயி நில்லு" என்றான். "மைக் இல்லாமச் சொல்லு. அன்னிக்கு எல்லாருக்கும் கேட்டுச்சல்ல?"